ரைசன் 3600, 1080பி 75 ஹெர்ட்ஸ் மானிட்டர்: எந்த கிராஃபிக்ஸ் கார்டோட நிறுத்திக்கலாம்?

அரைத்தூக்கம்

வணக்கம் மக்களே. கிராஃபிக்ஸ் கார்டு மாத்தணும். நாலு பேரைக் கேட்டேன், நாலு பேரும் நாலு பதில் சொல்றாங்க, குழப்பம்தான் மிச்சம்.

இப்ப இருக்கிறது: ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 16ஜிபி ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை, 80 பிளஸ் பிரான்ஸ்), ஜிடிஎக்ஸ் 1060 3ஜிபி. மானிட்டர் 24 இஞ்ச், 1920×1080, 75 ஹெர்ட்ஸ். மானிட்டரை இப்போதைக்கு மாத்தப் போறதில்லை.

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 தினமும் ஆடுவேன். எல்டன் ரிங் அப்பப்ப. சைபர்பங்க் 2077 வாங்கிட்டு ஆட முடியாம வச்சிருக்கேன். காரை எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள போனா படம் சட்டுனு உறைஞ்சு நின்னு மறுபடி ஓடுது. சுவர்ல ஒட்டியிருக்கிற போஸ்டர் நான் பக்கத்துல போய் நின்னு கொஞ்ச நேரம் கழிச்சுதான் தெளியுது, அதுவரைக்கும் வெறும் கறை.

நண்பன் ஒருத்தன் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டுக்குக் கீழ எதையும் தொடாதேங்கிறான். மாமா பையன் அடுத்த சீரிஸ் வரட்டும், பொறுங்கிறான் (அவன் எப்பவும் இதையேதான் சொல்வான்). வீடியோ போடுறவங்கள்ல பாதிப் பேர் 8ஜிபி கார்டு செத்துப்போச்சுங்கிறாங்க, மீதிப் பேர் 1080பிக்கு 8ஜிபி தாராளம்ங்கிறாங்க.

எது வாங்கினா போதும், எதுக்கு மேல போனா காசு தண்டம்? இது ரெண்டும்தான் என் கேள்வி. வாங்கினா ஒரு அஞ்சு வருஷம் ஓடணும்.

டர்போதாஸ்

5070 போட்டு விட்டுடுங்க ப்ரோ. 12ஜிபி மெமரி, டிஎல்எஸ்எஸ் 4 (சின்னதா வரைஞ்ச படத்தைப் பெருசாக்கிக் காட்டற என்விடியா வசதி), மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன் (நடுவுல கூடுதல் ஃப்ரேமைத் தானே செருகறது) எல்லாம் இருக்கு. சின்னதா ஒண்ணு வாங்கி, ரெண்டு வருஷத்துல பத்தலைன்னு மறுபடி வாங்கினா அதுதான் உண்மையான தண்டம்.

இரும்புக்கடை

டர்போதாஸ் தம்பி, அவர்கிட்ட இருக்கிறது 450 வாட் எஸ்எம்பிஎஸ்னு எழுதியிருக்காரே, படிச்சீங்களா? 5070 ஒண்ணே 250 வாட் இழுக்கும், என்விடியா அதுக்கு 650 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்குது. சரி, எஸ்எம்பிஎஸ் புதுசு. 3600ஆல அந்தக் கார்டுக்கு வேலை கொடுத்து மாளாது. சரி, சிபியுவும் புதுசு. இவ்வளவும் மாத்தி முடிச்சா கடைசியில படம் வந்து விழுற இடம் 75 ஹெர்ட்ஸ் திரை. செகண்டுக்கு 75 படத்துக்கு மேல அதால காட்ட முடியாது. மீதி ஃப்ரேம் யாருக்கு?

அரைத்தூக்கம், கார்டு பேரெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை இறக்குங்க, கூடவே ரிவாட்யூனர் வரும். காசு கிடையாது, எந்தக் கம்பெனி கார்டா இருந்தாலும் வேலை செய்யும். மானிட்டரிங் பக்கத்துல ஜிபியு (கார்டோட சிப்) யூசேஜ், மெமரி யூசேஜ், சிபியுவோட ஒவ்வொரு திரெட்டும் தனித்தனியா, ஃப்ரேம் ரேட், ஃப்ரேம் டைம் எல்லாத்தையும் திரையில காட்டச் சொல்லி டிக் போடுங்க. ஃப்ரேம் டைமை (ஒரு ஃப்ரேம் வர எடுக்கிற நேரம்) மட்டும் நம்பரா வைக்காம கிராஃபா வைங்க. உங்க வியாதி அந்தக் கோட்டுலதான் தெரியும்.

வி-சிங்க் (ஃப்ரேமைத் திரையோட வேகத்துக்குப் பூட்டறது), ஃப்ரேம் லிமிட் ரெண்டையும் அணைச்சுட்டு ஆடிப் பாருங்க. ஜிபியு 97, 98னு ஒட்டிக்கிட்டே இருந்தா கார்டுதான் திணறுதுன்னு அர்த்தம். ஜிபியு 60, 70ல சும்மா இருக்கு, ஆனா ஃப்ரேம் ஏறலைன்னா சிக்கல் சிபியுவுல, இல்லைன்னா ரேம்ல. அந்த நிலைமையில எவ்வளவு பெரிய கார்டைச் செருகினாலும் ஃப்ரேம் ஏறாது. சிபியு மொத்தமா 40 சதவீதம்தான் காட்டுதுன்னு ஏமாந்துடாதீங்க. உங்க 3600ல 12 திரெட். கேமோட முக்கியமான வேலையைச் செய்ற ஒண்ணு ரெண்டு திரெட் முட்டிக்கிட்டு நின்னாலே கதை முடிஞ்சுது, மொத்தக் கணக்குல அது தெரியாது.

எல்டன் ரிங்கை இந்தச் சோதனையில சேர்க்காதீங்க. அது 60ல பூட்டி விட்ட கேம், எந்தக் கார்டு போட்டாலும் 60தான்.

அப்படியே டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்தைத் திறந்து ஸ்பீடு எவ்வளவு, எத்தனை ஸ்லாட்டுல ரேம் இருக்குன்னும் பார்த்து எழுதுங்க.

அரைத்தூக்கம்

அக்கா, எடுத்துட்டேன்.

சிஎஸ் 2, மீடியம் செட்டிங்ஸ்: 110 முதல் 125 வரைக்கும். ஜிபியு 65–72. புகைக்குள்ள போகும்போது மட்டும் 90ஐத் தாண்டுது. சிபியுல ரெண்டு திரெட் 95ஐ விட்டு இறங்கவே இல்லை.

சைபர்பங்க், எல்லாமே லோ: 38–45. ஜிபியு 99. மெமரி 2,900 சொச்சம் எம்பி, அப்படியே நட்டு வச்சு நிக்குது. ஃப்ரேம் டைம் கோடு 24 மில்லிசெகண்டுல போய்க்கிட்டே இருக்கு, திடீர்னு 120க்கு எகிறுது. எகிறுற அந்த நேரம்தான் படம் நிக்குது.

டாஸ்க் மேனேஜர்: ஸ்பீடு 2133, நாலு ஸ்லாட்டுல ஒண்ணுதான் உபயோகத்துல இருக்கு. ஆனா ரேம் டப்பாவுல 3200னு போட்டிருக்கே? அசெம்பிள் பண்ணியே வாங்கினது, நான் பயாஸ் பக்கம் போனதே இல்லை.

இரும்புக்கடை

நினைச்சேன். அசெம்பிள் பண்ணிக் கொடுத்தவங்க எக்ஸ்எம்பியை (ரேமை டப்பாவுல போட்ட வேகத்துல ஓட விடற பயாஸ் செட்டிங்) போடாமலே அனுப்பியிருக்காங்க. ரொம்ப சகஜம், பழுதுக்கு என்கிட்ட வர்ற மெஷின்ல இதை அடிக்கடி பார்க்கிறேன்.

கணக்கைப் பாருங்க. ஒரே ரேம் குச்சி, 2133 ஸ்பீடு: செகண்டுக்கு சுமார் 17ஜிபி. ரெண்டு குச்சி, 3200: 51ஜிபி. மூணு மடங்கு. ரைசன் 3000ல சிபியுவுக்குள்ள இருக்கிற இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் ரேம் கடிகாரத்தோட சேர்ந்துதான் ஓடும், அதனால ரேம் நொண்டினா சிபியுவும் நொண்டும். சிஎஸ் 2ல நீங்க பார்க்கிறது அதைத்தான். பயாஸ்ல போய் எக்ஸ்எம்பி புரொஃபைலைப் போடுங்க (சில போர்டுல டிஓசிபினு இருக்கும்). இதே 16ஜிபி குச்சி இன்னொண்ணு வாங்கி, சிபியுவிலிருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டுல ஜோடியா போடுங்க. கார்டு விலையில ஒரு துணுக்குதான் ஆகும். சிஎஸ் 2க்காகத்தான் கார்டு மாத்தணும்னு இருந்தீங்கன்னா இதோட எழுந்து போயிடலாம்.

சைபர்பங்க் வேற கேஸ். அங்க நிஜமாவே கார்டுதான் சிக்கல், அதுவும் ரெண்டு விதத்துல. ஜிபியு 99ல நிக்கிறது ஒண்ணு: வேகம் பத்தலை. அந்தக் கேமோட குறைஞ்சபட்சத் தேவையே 2023ல 1060 6ஜிபினு ஏத்திட்டாங்க, உங்களது அதுக்கும் கீழ. இன்னொண்ணு அந்த 2,900 எம்பி: விரேம், அதாவது கார்டோட சொந்த மெமரி, நிறைஞ்சு போச்சு. நிறைஞ்ச பிறகு புது டெக்ஸ்ச்சர் (பொருள் மேல ஒட்டற படம்) வேணும்னா கார்டு மெயின் ரேமுக்குப் போய் பிசிஐஇ (கார்டையும் போர்டையும் இணைக்கிற ஸ்லாட்) வழியா இழுத்துட்டு வரணும். கார்டோட சொந்த மெமரி செகண்டுக்கு 192ஜிபி கொடுக்கும், பிசிஐஇ 3.0ல 16 லேனும் (டேட்டா போற பாதைகள்) சேர்த்து 16ஜிபிதான். சமையல் மேடையில இடமில்லாம ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பரண் ஏறி இறங்குற கதைதான். 120 மில்லிசெகண்டு எகிறுறது அந்த ஏணியில. போஸ்டர் கறையாத் தெரியறதும் அதனாலதான், நல்ல டெக்ஸ்ச்சர் வந்து சேர்ற வரைக்கும் மட்டமானதைக் காட்டி ஒப்பேத்துது.

இந்த லேன் விஷயத்தைப் பலபேர் பார்க்கிறதே இல்லை. உங்க பி450 போர்டுல ஓடறது பிசிஐஇ 3.0. ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ, ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 7600 எல்லாமே 8 லேன் கார்டு. ஸ்லாட் நீளமா இருக்கும், பின்னும் இருக்கும், ஆனா ஓடறது எட்டுதான். புது போர்டுல அது பெரிய விஷயமில்லை. உங்க போர்டுல எட்டு லேன்னா செகண்டுக்கு 8ஜிபி. விரேமுக்குள்ள அடங்கற வரைக்கும் நஷ்டம் கொஞ்சம்தான், நிறைஞ்சு வழிஞ்சா அடி இரட்டிப்பா விழும். 2022 ஜனவரியில வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னும் மோசம், 4ஜிபி மெமரி, நாலே நாலு லேன். பழைய போர்டு வச்சிருக்கிறவங்க விலை குறைச்சலா இருக்கேன்னு ஆசைப்பட்டு வாங்கின கார்டு, அவங்க போர்டுலதான் அது ரொம்பத் தடுமாறிச்சு.

8ஜிபி செத்துப்போச்சான்னு கேட்டா, எந்த விலையில விக்கிறாங்கங்கிறதைப் பொறுத்தது. 1080பியில டெக்ஸ்ச்சரை ஹையில வச்சு, ரே ட்ரேசிங்கை (வெளிச்சம், நிழலை நிஜம் மாதிரி கணக்குப் போட்டு வரையறது) தொடாம ஆடறவருக்கு இன்னைக்கு 8ஜிபியில ஆட முடியும். அல்ட்ரா டெக்ஸ்ச்சர், ரே ட்ரேசிங், அதுக்கு மேல ஃப்ரேம் ஜெனரேஷன்னு அடுக்கினா ஒவ்வொண்ணும் தனித்தனியா மெமரியைத் தின்னும். டெக்ஸ்ச்சர் செட்டிங் ஜிபியு வேகத்தை அநேகமாத் தொடாது, இடத்தை மட்டும்தான் அடைக்கும். அதனாலதான் மெமரி அதிகமா இருக்கிற கார்டு வயசானாலும் படம் அழகாத் தெரியும்.

உங்க மெஷினுக்கு நான் பார்க்கிற கார்டுகள் இவ்வளவுதான்.

கீழ்வரம்பு ஆர்எக்ஸ் 6600. 132 வாட், ஒரே ஒரு 8 பின், உங்க எஸ்எம்பிஎஸ்ஸே போதும். 2021ல வந்தது, அதனால விலை இறங்கியிருக்கும், பழசும் நிறைய சுத்துது. 1060 3ஜிபியிலேருந்து வர்ற உங்களுக்கு இதுவே பெரிய தாவல்.

4060 அதைவிடக் கொஞ்சம் வேகம், 115 வாட், டிஎல்எஸ்எஸ்ஸும் உண்டு. 1080பியில அப்ஸ்கேலிங்கை குவாலிட்டியில போட்டா உள்ளே நிஜமா வரையறது 1280×720தான். அவ்வளவு சின்ன படத்தை ஊதிக் காட்டறதுல டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியோட பழைய எஃப்எஸ்ஆரை விடத் தெளிவா இருக்கு. எஃப்எஸ்ஆர் 4 நல்லாயிருக்கு, ஆனா ஏஎம்டி அதை 9000 சீரிஸுக்குன்னு வச்சிருக்கு, 6600க்கு அதிகாரபூர்வமா கிடையாது. ஸோ 4060க்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ரொம்பக் கூட வேண்டாம்.

மேல்வரம்பு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16ஜிபி. 160 வாட்டுக்கு அடங்குது, முழு 16 லேன், அதனால உங்க பழைய போர்டுல இதுக்கு பயம் குறைவு. இதே பேர்ல 8ஜிபியும் இருக்கு, டப்பாவைப் படிச்சு வாங்குங்க. நாளைக்கு 1440பி (2560×1440) மானிட்டர் வந்தாலும் தாங்கும். அங்க ஃப்ரேமுக்கு 20.7 லட்சம் பிக்சல் 36.9 லட்சமாகுது, முக்கால் பங்குக்கு மேல கூடுதல் வேலை. இதுக்கும் மேல நீங்க கொடுக்கிற ஒவ்வொரு காசும் உங்க மானிட்டருக்கும் சிபியுவுக்கும் போய்ச் சேராது.

இன்டெல் ஆர்க் பி580ஐயும் யாராவது சொல்வாங்க. 12ஜிபி, விலைக்கு நல்ல கார்டு, உங்களுக்கு இல்லை. அதோட டிரைவர் சிபியுகிட்ட நிறைய வேலை வாங்கும், 3600 வயசு சிபியுவோட சேர்ந்தா வேகம் கீழ இறங்குது. ரீசைசபிள் பார் (சிபியு கார்டோட மொத்த மெமரியையும் நேரா எட்ட விடற பயாஸ் செட்டிங்) வேற கட்டாயம் மாதிரிதான்.

விலையை ஒப்பிடும்போது எல்லாரும் சராசரி எஃப்பிஎஸ்ஸால விலையை வகுத்துக்கிட்டு இருப்பாங்க. நீங்க அப்படிப் பண்ணாதீங்க. பெஞ்ச்மார்க்ல 75க்கு மேல இருக்கிற எல்லாத்தையும் 75னு திருத்தி எழுதிட்டு அப்புறம் வகுங்க. பெரிய கார்டுகளோட பந்தா அந்த இடத்துலயே காணாமப் போயிடும். சராசரியோட 1% லோ (ரொம்ப மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களோட வேகம்) என்னன்னும் பாருங்க. சராசரி 80, 1% லோ 35ன்னு இருக்கிற கார்டு கையில ஒட்டாது. சராசரி 70, லோ 58 இருக்கிறது சுகமா ஓடும்.

அஞ்சு வருஷம்னு எழுதினீங்க பாருங்க, உங்க பட்ஜெட்டை ஊதி விடறது அந்த ஒரு வார்த்தைதான். அஞ்சு வருஷம் தாங்கட்டும்னு இன்னைக்கு ரெண்டு மடங்கு கொடுக்கிறதுக்குப் பதிலா, இன்னைக்குத் தேவையானதை வாங்கிட்டு மிச்சத்தைக் கையில வைங்க. மூணு வருஷம் கழிச்சு அந்த மிச்சத்துல வர்ற கார்டுல அப்போதைய வசதியெல்லாம் இருக்கும். அஞ்சு வருஷம் கட்டாயம்னா மட்டும் 16ஜிபிக்குப் போங்க.

பேரைப் பார்த்து மட்டும் எதையும் வாங்காதீங்க. உங்க 1060 3ஜிபியே அதுக்குச் சாட்சி. 6ஜிபி 1060க்கு மெமரி மட்டும் கூடன்னு நினைப்பீங்க, அதுல கோர் 1280, உங்களதுல 1152. ஆர்டிஎக்ஸ் 3050லயும் அதே வேலை பண்ணினாங்க: 8ஜிபியில 2560 கோர், 128 பிட்; 6ஜிபியில 2304 கோர், 96 பிட். பேர் ஒண்ணு, கார்டு வேற. ஜிடி 1030ல டிடிஆர்4 போட்டு ஒண்ணு விட்டாங்க, மெமரி வேகம் அசலோட மூணுல ஒரு பங்குக்கு வந்துடுச்சு. அட்டைப்பெட்டியில ஒளி வீசற டிராகன் படம் மட்டும் எல்லாத்துலயும் ஒரே சைஸ்.

டர்போதாஸ்

அக்கா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு விஷயம். சிஎஸ் 2 ஆடறவருக்கு 75 ஹெர்ட்ஸ் மானிட்டரா இருந்தாலும் 200 எஃப்பிஎஸ் வந்தா கிளிக் பண்ணினதுக்கும் திரையில தெரியறதுக்கும் நடுவுல இருக்கிற தாமதம் குறையும். 75க்கு மேல எல்லாம் வேஸ்ட்னு சொல்லிட முடியாது. அப்புறம் 50 சீரிஸ்ல ஒரு ஃப்ரேமை நாலாக்கிக் கொடுக்குது, அதை ஏன் கணக்குலயே சேர்க்க மாட்டேங்கிறீங்க?

இரும்புக்கடை

முதல் பாயிண்ட் சரி. திரையில விழுற படம் இன்னும் புதுசான ஃப்ரேமா இருக்கும், தாமதம் குறையும், சிஎஸ் 2 ஆடறவங்க கைக்கு அது தெரியும். ஆனா அந்த 200ஐக் கொடுக்கப் போறது கார்டு இல்லை, அவர் ரீடிங்கைத்தான் பார்த்தோமே. ரேமைச் சரி பண்ணின பிறகும் பத்தலைன்னா பயாஸை அப்டேட் பண்ணிட்டு அதே போர்டுல ரைசன் 5 5600 போட்டுக்கலாம். 5070க்கும் 4060க்கும் இருக்கிற வித்தியாசத்துல அந்தச் சிபியு வந்துடும். 5600ஜி வேண்டாம், 5600. ஜி போட்டதுல கேஷ் (சிபியுவுக்குள்ள இருக்கிற வேக மெமரி) பாதிதான்.

நாலாக்கிற விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். ஃப்ரேம் ஜெனரேஷன் எப்படி வேலை செய்யுது? ரெண்டு நிஜ ஃப்ரேமை வரைஞ்சு, பின்னாடி வந்ததை உடனே காட்டாம பிடிச்சு வச்சுக்கிட்டு, நடுவுல கற்பனையா சிலதைச் செருகிக் காட்டுது. பிடிச்சு வைக்கிற நேரம் தாமதமாத்தான் வரும். இப்ப 75 ஹெர்ட்ஸ் திரையில வி-சிங்க் போட்டு நாலு மடங்கை ஓட விடுங்க. திரையில 75, அதுல நிஜம் 19 கூட இல்லை. மவுஸை நகர்த்தினா கேம் பதில் சொல்றது செகண்டுக்கு 19 தடவை. 60 நிஜ ஃப்ரேம் வர்ற மெஷின்ல 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருந்தா அருமையான வசதி, மறுக்கலை. இவருக்கு அதால ஒண்ணும் ஆகாது. அப்ஸ்கேலிங் மட்டும்தான் உபயோகம், அதுவும் டிஎல்எஸ்எஸ் 4ல வந்த புது டிரான்ஸ்ஃபார்மர் மாடல் 20 சீரிஸ்லேருந்து எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுலயும் ஓடுது, அதுக்காக 50 சீரிஸ் வாங்கத் தேவையில்லை.

அரைத்தூக்கம்

எக்ஸ்எம்பி போட்டு, கூட ஒரு குச்சியும் மாட்டியாச்சு. சிஎஸ் 2 இப்ப 150ஐ ஒட்டி ஓடுது, ஜிபியு 95. ஒரு கார்டும் வாங்காம! சைபர்பங்க் அப்படியேதான் இருக்கு, எகிறுறது மட்டும் முன்னை விடக் கொஞ்சம் கம்மி.

மனசு இப்ப 6600 பக்கம் சாயுது. தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய 6600 ஒண்ணு வச்சிருக்கார், புதுசுல பாதி விலைக்குக் கொடுக்கிறேங்கிறார். இன்னொருத்தர் 1080 டிஐ 11ஜிபி அதைவிடக் கம்மிக்குத் தர்றேங்கிறார். 11ஜிபின்னா நல்லதுதானே?

மூணாவதுமாடி

பழைய கார்டு பத்தி நான் சொல்றேன், எனக்குப் பழசு வாங்கியே பழக்கம்.

1080 டிஐயை விட்டுடுங்க நண்பரே. ஒரு காலத்துல ராஜா, இல்லைன்னு சொல்லலை. ஆனா 250 வாட் இழுக்கும், உங்க எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது ஆகாது. டிஎல்எஸ்எஸ் கிடையாது. 10 சீரிஸுக்கு கேம் ரெடி டிரைவரை 2025 அக்டோபரோட நிறுத்திட்டாங்க, இனிமே பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிற அப்டேட் மட்டும்தான். ரே ட்ரேசிங் ஹார்டுவேர் இல்லாத கார்டுல ஓடவே ஓடாத கேம் வர ஆரம்பிச்சாச்சு. 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் அப்படி, 2025ல வந்த டூம்: த டார்க் ஏஜஸும் அப்படி. இதே காரணத்தால ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டியையும் தவிர்த்துடுங்க, வேகம் 6600க்குக் கிட்டத்தட்ட சமம்தான், ஆனா அந்த ஹார்டுவேர் இல்லை.

6600லயும் ஒரு விஷயம் தெரிஞ்சு வாங்குங்க. 2025 கடைசியில ஏஎம்டி 5000, 6000 சீரிஸ் ரெண்டையும் தனி டிரைவர் கிளைக்கு மாத்திடுச்சு. கேமெல்லாம் ஓடும், புது வசதி பெருசா எதிர்பார்க்க முடியாது. பாதி விலைன்னா எனக்கு அது சம்மதம். முக்கால் விலை சொன்னார்னா புதுசுக்கே போயிடுவேன்.

மைனிங்ல ஓடினதான்னு எல்லாரும் பயப்படறாங்க. ஈதெரியம் மைனிங் 2022 செப்டம்பரோட முடிஞ்சுது. அதுல ஓடின கார்டுன்னா பெரும்பாலும் தேய்ஞ்சிருக்கிறது ஃபேன், காய்ஞ்சிருக்கிறது தெர்மல் பேஸ்ட். சிப் அவ்வளவு சீக்கிரம் சாகாது. நான் அதைவிடப் பயப்படறது ஏற்கெனவே பிரிச்சு, சூடு காட்டி ரிப்பேர் பண்ணின கார்டுக்குத்தான். பின்பக்கத் திருகுகளை டார்ச் அடிச்சுப் பாருங்க. திருகோட தலை சிதைஞ்சிருந்தா யாரோ உள்ள கை வச்சிருக்காங்க. சிப்பைச் சுத்தி பழுப்பா ஃப்ளக்ஸ் (சால்டரிங் பசை) கறை இருந்தா அங்கேயே திருப்பிக் கொடுத்துடுங்க. பிசிஐஇ விளிம்புல தங்கநிறத் தகடு கருகலா இருக்கக் கூடாது. ஃபேனை விரலால லேசாத் தள்ளினா சத்தமில்லாம சுத்தி, மெதுவா நிக்கணும். கரகரன்னா பேரிங் போச்சு.

கார்டை அவர் மெஷின்லயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஜிபியு-இசட்டைத் திறந்து 6600னா ஷேடர் (கோர் எண்ணிக்கை) 1792, மெமரி 8192 எம்பி, 128 பிட் வருதான்னு பாருங்க. பயாஸை மாத்தி எழுதின போலிக் கார்டா இருந்தா அந்த சாஃப்ட்வேரே பலதைக் கண்டுபிடிச்சுப் பேருக்கு முன்னாடி ஃபேக்னு போட்டுடும். ஆர்எக்ஸ் 580 வாங்கறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், 2304 ஷேடர் இருக்க வேண்டிய இடத்துல 2048 இருக்கிற கார்டும் அதே 580ங்கிற பேர்லதான் சுத்துது. அப்புறம் கனமான கேம் ஒண்ணை அரைமணி நேரம் ஓட விட்டு ஹாட்ஸ்பாட் (சிப்ல ரொம்பச் சூடாகிற இடம்) சூட்டைப் பாருங்க. சாதாரண ஜிபியு சூட்டுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 15, 20 டிகிரி வித்தியாசம் சகஜம். 30ஐத் தாண்டினா பேஸ்ட் மாத்தணும், அதைச் சொல்லி விலையைக் குறைங்க. திரையில புள்ளி புள்ளியா நட்சத்திரமோ கட்டம் கட்டமாவோ ஒரே ஒரு தடவை வந்தாலும் பேரமே வேண்டாம், எழுந்து வந்துடுங்க. நல்ல கார்டு வச்சிருக்கிறவர் அரைமணி நேரம் ஓட்டிக் காட்டத் தயங்க மாட்டார்.

அரைத்தூக்கம்

அருமை. ஞாயித்துக்கிழமை போய் 6600ஐப் பார்க்கிறேன். திருகு, ஃபேன், ஹாட்ஸ்பாட் எல்லாம் குறிச்சு வச்சுக்கிட்டேன். சரியில்லைன்னா புது 4060, விலை ரொம்பத் தள்ளி இருந்தா அதுவும் வேண்டாம், புது 6600. 9060 எக்ஸ்டி இப்ப வேண்டாம், மானிட்டர் மாத்தற அன்னைக்குப் பார்த்துக்கலாம்.

கேபினெட்ல இடம் இருக்குமான்னு எப்படிப் பார்க்கிறது? முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் கூண்டு இருக்கு.

இரும்புக்கடை

பின்பக்கம் கார்டைத் திருகுற தகட்டோட உள்பக்கத்துலேருந்து கூண்டு வரைக்கும் டேப் வச்சு அளங்க. ஒரு ஃபேன், ரெண்டு ஃபேன் 6600னா பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. மூணு ஃபேன் மாடல் 28 சென்டிமீட்டர் வரைக்கும் போகும், இந்தச் சைஸ் சிப்புக்கு அவ்வளவு பெரிய கூலரே தேவையில்லை, சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நீளத்தோட தடிமனையும் கேளுங்க, ரெண்டு ஸ்லாட்டா ரெண்டரையான்னு.

என்விடியாவிலேருந்து ஏஎம்டிக்கு மாறறீங்க, அதனால பழைய கார்டைக் கழட்டறதுக்கு முன்னாடி டிடியு இறக்கி, நெட்டைப் பிடுங்கிட்டு, சேஃப் மோடுல பழைய டிரைவரைத் துடைச்சுடுங்க. மாட்டின பிறகு மானிட்டர் கேபிளை கார்டுல செருகணும், மதர்போர்டுல இல்லை. 3600ல உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, அங்க செருகினா திரை கருப்பாவே இருக்கும், கார்டு போச்சுன்னு எனக்கு மெசேஜ் வரும்.

எஸ்எம்பிஎஸ்லேருந்து வர்ற 8 பின் ரெண்டு வகை. பிசிஐஇனு எழுதினது 6+2ஆப் பிரியும், அதுதான் கார்டுக்கு. 4+4ஆப் பிரியறது சிபியுவுக்கு. அழுத்தினாத்தான் போகுதுன்னா நிறுத்திட்டு எழுத்தைப் படிங்க.